மாவு அரைத்தவர் யார்?

சிங்கப்பெருமாள் கோவில் ரயில் நிலையம் பக்கம் விடியற்காலையில் இட்லிக் குண்டானை அடுப்பில் ஏற்றுகிறவர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்: மூடி போட்ட பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை. பஞ்சா கல்லா என்பது முந்தைய இரவே முடிவாகிவிடும். ஒரு நாட்டின் குதிரையேற்ற அணி ஜெயிப்பதில் பயிற்சியாளரின் பங்கு எவ்வளவு என்று கேட்டால், அந்தக் குண்டானை வைத்தே விளக்கலாம்.

முதலில் வேகும் நேரம், அதாவது போட்டி. டிரஸ்ஸாஜ் என்ற பிரிவை எடுத்துக்கொள்வோம். 60 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலத்தில் ஒரு களம். அதில் குதிரை நடக்கும், ஓடும், பக்கவாட்டில் நகரும், சுழன்று திரும்பும். எல்லாம் முன்பே எழுதிவைத்த வரிசைப்படி. ஒவ்வோர் அசைவுக்கும் நடுவர்கள் 0 முதல் 10 வரை மதிப்பெண் போட, அது கடைசியில் சதவீதமாகும். மணி அடித்ததும் 45 விநாடிக்குள் களத்தில் நுழைய வேண்டும். பிறகு பயிற்சியாளர் வெளியிலிருந்து குரல் கொடுத்து உதவினால் வீரரையே போட்டியிலிருந்து நீக்கிவிடலாம். மூடி போட்டாயிற்று.

அப்படியானால் அவர் வேலை எங்கே நடக்கிறது? தொடக்கத்திலிருந்து வருவோம்.

குதிரைதான் அரிசி. மட்டமான அரிசியை எந்தக் கைப்பக்குவமும் காப்பாற்றாது. அடுத்தது, அரிசிக்கு எவ்வளவு உளுந்து என்ற அளவு. இந்தக் குதிரைக்கு இந்த ஆள் பொருந்துவாரா என்று பார்ப்பது அதுதான். இதற்குப் பழகிய கண் வேண்டும். பெங்களூருவின் ஃபவாத் மிர்சா 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தனிநபர் வெள்ளி வென்றது செனியோர் மெடிகாட் என்ற குதிரையில். அதை அதற்கு முன் போட்டிகளில் ஓட்டியவர், மிர்சாவுக்குப் பயிற்சி தந்த ஜெர்மானியர் பெட்டினா ஹாய். தனக்கு அத்துப்படியான குதிரையில்தான் சீடரை ஏற்றினார்.

பிறகு அரைப்பது. பயிற்சியாளரின் கை அதிகம் தெரியும் இடம் இதுதான். உளுந்துக்குத் தண்ணீரை ஒரே மூச்சில் ஊற்றக் கூடாது, தெளித்துத் தெளித்து விட வேண்டும். நேரம் போவது தெரியாமல் அரைத்தால் மாவு சூடேறிக் கெட்டுவிடும். குதிரையும் அப்படித்தான். ஒரே பாடத்தைத் திரும்பத் திரும்ப வாங்கினால் அதன் முதுகு இறுகிப்போகும். எப்போது கேட்க வேண்டும், எப்போது லாயத்துக்கு அனுப்ப வேண்டும் என்று தினமும் களத்தின் நடுவே நின்று சொல்வது அவர். அதற்கு மேல், மாவு புளிக்க நேரம் விட வேண்டும். இங்கே அது ஒரு ராத்திரி இல்லை, வருடக்கணக்கு. கொல்கத்தாவின் அனுஷ் அகர்வல்லா 2017இல் ஜெர்மனிக்குப் போய், 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் அணித் தங்கம் வென்ற ஹூபெர்டஸ் ஷ்மிட்டிடம் சேர்ந்தார். பலன் 2023இல் வந்தது.

அந்த ஆண்டு செப்டம்பர் 26, ஹாங்சோ ஆசிய விளையாட்டில் டிரஸ்ஸாஜ் அணிப் போட்டி. நால்வர் ஓட்டுவார்கள், சிறந்த மூன்று மதிப்பெண் கணக்கு. அனுஷ் 71.088, ஹிருதய் சேடா 69.941, திவ்யகிருதி சிங் 68.176. கூட்டினால் 209.205. சுதிப்தி ஹஜேலாவின் 66.706 கணக்கில் வரவில்லை. ஆனால் மூவரில் ஒருவர் தடுமாறியிருந்தால் அதுதான் தாங்கியிருக்கும். சீனா 204.882. குதிரையேற்றத்தில் 1982 டெல்லிக்குப் பிறகு, 41 ஆண்டு கழித்து இந்தியாவுக்குத் தங்கம்.

ஆக, அது ஒரே பயிற்சியாளர் எடுத்துக் கொடுத்த தங்கம் இல்லை. நால்வரும் ஐரோப்பாவில், ஒரே இடத்தில் இல்லாமல், வருடக்கணக்காகப் பழகியவர்கள். பல வீட்டு மாவு ஒரே குண்டானில் வெந்தது. எனவே என் கணிப்பு: பயிற்சியாளரின் பங்கு மிகப் பெரியது, ஆனால் அது அணியின் பெயர்ப்பட்டியல் வருவதற்கு வெகுமுன்பே செலவாகிவிடுகிறது. போட்டிக்குச் சில மாதம் இருக்கும்போது பயிற்சியாளரை மாற்றினால் மதிப்பெண் பெரிதாக நகராது.

ஏன் ஐரோப்பா? குதிரை நோய்கள் பரவுமோ என்ற அச்சத்தால் இந்தியாவிலிருந்து குதிரைகளை வெளிநாட்டுப் போட்டிக்குக் கொண்டுபோவது பெரும்பாடு. இதே போன்ற அச்சத்தால் வந்த தனிமைப்படுத்தும் சட்டத்தால் 1956 மெல்பர்ன் ஒலிம்பிக்கின் குதிரையேற்றமே ஸ்டாக்ஹோமில்தான் நடந்தது. அதனால் குதிரையை ஐரோப்பாவிலேயே வைத்துக்கொள்கிறார்கள். குதிரை அங்கே இருந்தால் ஆசானும் அங்கே, ஆளும் அங்கே, செலவும் அங்கே. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான் அது எட்டுகிறது. 2025இல் மீரட்டில் ராணுவத்தின் கால்நடைப் படை மையத்தில் குதிரைகளுக்கான நோயற்ற வளாகத்துக்கு உலக விலங்கு சுகாதார அமைப்பின் ஏற்பு கிடைத்தது. அங்கிருந்து குதிரைகள் புறப்படத் தொடங்கினால், நல்ல பயிற்சியாளர் ஒருவரையும் நாலைந்து வருடத்துக்கு இங்கேயே அமர்த்தி, அவர் பக்கத்தில் நம் இளைஞர்களை உதவியாளர்களாக நிறுத்த வேண்டும்.