உங்களுக்குத் தெரியுமா? மாதிரி ரயிலின் எண்ணும் வரலாறு சொல்லும்

மாதிரி ரயிலுக்கு எண்ணை மாற்றி ஒட்டுவது வெறும் அலங்காரம் அல்ல. அசல் ரயில் எந்தத் தடத்தில், எந்தக் காலத்தில் ஓடியது என்பதை அந்த எண்தான் சொல்கிறது. ஏலமலை அடிவாரத்துப் போடிநாயக்கனூரையே பாருங்கள். மதுரையிலிருந்து 1928இல் வந்த மீட்டர் பாதை 2010 இறுதியில் மூடப்பட்டது. அகலப்பாதைப் பயணிகள் ரயில் போடியை எட்டியது 2023 ஜூன் 15 அன்றுதான். நம் பயணிகள் பெட்டி எண்ணின் முதல் இரண்டு இலக்கங்கள் தயாரிப்பு ஆண்டைக் குறிப்பவை. எனவே போடி மீட்டர் பாதைப் பெட்டியில் '15' என்று தொடங்கும் எண்ணை ஒட்டினால் அது நடக்காத கதை. எஞ்சினும் அப்படித்தான்: ஒய்டிஎம்-4 என்ற வகைக் குறியீட்டில் 'ஒய்' மீட்டர் பாதை, 'டி' டீசல், 'எம்' பயணிகள், சரக்கு இரண்டையும் இழுப்பது.

1:87 அளவில் கடுகளவு எழுத்தை யார் பார்க்கப்போகிறார்கள், சாயம் சரியாக இருந்தால் போதாதா என்று கேட்கலாம். சாயம் முக்கியம்தான்; ஆனால் ஒரே நிறம் பல ஆண்டுகள் நீடிக்கும், எண்தான் காலத்தைக் குறுக்கிக் காட்டும். எண் ஒட்டுப்படத்தைப் பளபளப்பு வார்னிஷ் மீது ஒட்டுங்கள். சொரசொரப்பான பரப்பில் ஒட்டுப்படத்தின் அடியில் காற்று தங்கி வெளுத்துத் தெரியும். காய்ந்தபின் மேட் வார்னிஷ் பூசலாம். ஒட்டுமுன், அந்தக் காலப் புகைப்படம் ஒன்றைத் தேடிப் பார்த்துவிடுங்கள்.