வெயிலில் தெரியாத தீ

ஓர்ஸ் ஹில்லில் வளர்ந்தவர்களுக்கு எரிபொருள் தீ என்றால் சீனக்குடா நினைவுதான். 1942 ஏப்ரல் 9இல் யப்பானிய விமானமொன்று அங்குள்ள எண்ணெய்க் குதத்தில் விழுந்து, நாட்கணக்கில் எரிந்த கதை. புகை, கொழுந்து எல்லாம் கண்ணுக்குத் தெரிந்த தீ அது. நான் கண்டு பயந்தது வேறு.

விஞ்ஞான ஆசிரியர் லீவு. தமிழ் படிப்பிக்கிற நான் ஆய்வுகூடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜன்னலோரம் நல்ல வெயில். "விளக்கு நூந்திட்டு சேர்" என்றபடி ஒரு பிள்ளை மதுசார விளக்கில் போத்தலைச் சரித்தான். விளக்கு நூரவில்லை. முழங்கை வரை கொப்புளம்.

பிறகுதான் தேடி வாசித்தேன். எரிவது திரவமல்ல, அதன் ஆவி. பொறி பட்டால் பற்றுமளவு ஆவி எழ எதனோலுக்கு ஏறத்தாழ 13 பாகை செல்சியஸ் போதும். மெதனோலுக்கு 11. திருகோணமலையில் மாரி இரவிலும் 20க்குக் கீழே இறங்குவது அருமை. ஆக, இங்கே திறந்த போத்தல் எந்நேரமும் பற்றத் தயார். மண்ணெண்ணெய்க்கு 38ஆவது வேண்டும், டீசலுக்கு 50க்கும் மேலே.

ஆனால் பொறியே இல்லாமல், வெறும் சூட்டில் தானாகப் பற்றுவதென்றால் கணக்கு தலைகீழ். டீசல் 210 பாகையளவில் பற்றிவிடும். எதனோலுக்கு 360க்கு மேல், மெதனோலுக்கு 400க்கும் மேல் வேண்டும். அதனால்தான் காற்றை நெருக்கிய சூட்டிலேயே ஓடும் டீசல் இயந்திரத்துக்கு மதுசாரம் ஒத்துவராது. பிளக் பொறியில் ஓடும் பெற்றோல் இயந்திரத்துக்கு ஒத்துவரும். இந்தியாவில் பெற்றோலில் 20 வீதம் எதனோல் கலக்கிறார்கள்.

தீ ஏன் தெரியவில்லை? சுடருக்கு மஞ்சள் நிறம் தருவது கனலும் கரித்துகள். மதுசார மூலக்கூற்றிலேயே ஒட்சிசன் இருப்பதால் கரி அவ்வளவாக மிஞ்சாது. மங்கிய நீலம் மட்டும். அதையும் வெயில் விழுங்கிவிடும். சூடு குறைவென்று நினைக்கவேண்டாம்.

நம் மூத்தம்மாமார் கண்ணுக்கிட்ட சுர்மாவின் அரபுப் பெயர் அல்-குஹ்ல். ஐரோப்பாவில் அது நுண்தூளுக்கும், பின்னர் வடித்தெடுத்த சாரத்துக்கும் பெயராகி அல்கஹோல் ஆனது. கண்ணுக்கு இட்டதன் பெயர் கண்ணுக்குத் தெரியாத தீக்குப் போயிருக்கிறது!

கொரோனாக் காலத்தில் பள்ளிவாசல்களிலும் வைத்த கைத்தொற்றுநீக்கியில் பெரும்பங்கு இதுதான். கை காயுமுன் சாம்பிராணிக்கு நெருப்புப் பெட்டியைத் தொடாதீர்கள். பற்றினால், எண்ணெய்த் தீயைப் போலன்றி, தாராளமாகத் தண்ணீர் ஊற்றலாம். மதுசாரம் நீரோடு கலந்து நீர்த்துப்போகும். சிறு அளவு கலந்தால் போதாது: 30 வீதம் நீருள்ள கலவையும் நம் ஊர்ச் சூட்டில் பற்றும்.

கூடத்தில் இப்போது விளக்கை நிழலில் வைக்கிறார்கள். மூடியால் மூடி, தொட்டுப் பார்க்குமளவு ஆறிய பிறகுதான் ஊற்றுவது.