ஆடை மடிப்பும் அரங்கச் சான்றும்: மார்கரெட்டே பீபரின் ஆராய்ச்சி வாழ்வு

பண்டை நாடகத்தை ஆராயப் புகுவார்க்கு ஓர் இடர்ப்பாடு உண்டு. நாடக நூல் மாந்தர்தம் பேச்சை நமக்குத் தரும். அவர்கள் எங்ஙனம் உடுத்து, எத்தகைய அரங்கில் நின்று பேசினர் என்பதைத் தருதல் அரிது. எஸ்கிலஸ், சோபோகிளீஸ், யூரிபிடீஸ் ஆகியோர்தம் துன்பியல் நாடகங்களின் ஏடுகளில் மேடைக்குறிப்பு என்பது இல்லை என்றே கூறலாம். இக்குறையை நிரப்பக் கல்லும் கலமும் மண்பாவையும் துணை நிற்றல் வேண்டும். அத்துணையை முறைப்படத் தொகுத்தளித்த அறிஞருள் முன்னிற்பவர் செருமானியத் தொல்பொருளறிஞர் மார்கரெட்டே பீபர் அம்மையார் (1879–1978) ஆவார். அவர்தம் வாழ்வையும் ஆய்வு நெறியையும் சுருங்க உரைத்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும். பதவிகள் பலமுறை அவர் கைவிட்டுப் போயின. எனினும், ஆடையின் மடிப்பு வரலாற்றுச் சான்றாகுமா என்னும் ஒரே வினாவை எழுபதாண்டுக் காலம் அவர் விடாது பற்றியிருந்தார். இதுவே அவர் வாழ்வின் உயிர்நாடி என யாம் கருதுகின்றோம்.

கல்வி

பீபர் 1879-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 31-ஆம் நாள், அந்நாளைய மேற்குப் பிரஷ்யாவில் ஷோனாவ் என்னும் ஊரில் யூதக் குடும்பமொன்றில் பிறந்தார். பெண்கள் பல்கலைக்கழகம் புகுதற்குப் பிரஷ்ய நாட்டில் அன்று உரிமை இல்லை. 1901-இல் நுழைவுத் தகுதித் தேர்வில் தேறிய பின்னரும், பெர்லினில் அவர் பதிவு பெற்ற மாணவராதல் இயலவில்லை. ஆசிரியர் இசைவு தந்த வகுப்புகளில் கேட்போராக மட்டும் அமர்ந்தார். பின்னர்ப் பான் நகரம் சென்று, கேயார்க் லோஷ்கே என்னும் பேராசிரியரின் கீழ்ப் பயின்று 1907-இல் முனைவர் பட்டம் பெற்றார். பிரஷ்யப் பல்கலைக்கழகங்கள் பெண்களை முறைப்படி சேர்த்துக்கொண்டது அதற்கு மறு ஆண்டாகிய 1908-இல்தான் என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது.

அவர் பட்டத்திற்கு மேற்கொண்ட பொருள் டிரெஸ்டன் நகரில் உள்ள நடிகர் புடைப்புச் சிற்பமாகும். அதனை அடிப்படையாகக் கொண்டு துன்பியல் நடிகரின் உடை வரலாற்றை ஆராய்ந்தார். பிற்கால ஆய்வுகளுக்கெல்லாம் வித்து இந்நூலிலேயே இடப்பட்டது. 1909-இல் செருமானியத் தொல்பொருள் ஆய்வு நிறுவனத்தின் பயண நல்கையைப் பெற்றார். பெண்களுள் அந்நல்கையை முதற்கண் பெற்றவர் அவரே. இதனால் கிரேக்க, இத்தாலிய நாடுகளின் தொல்பொருள்களை நேரிற் கண்டு ஆராயும் வாய்ப்பு அவர்க்குக் கிட்டியது. காசல் நகர அருங்காட்சியகத்துச் சிற்பங்களுக்கும் வெண்கலப் பொருள்களுக்கும் அவர் எழுதிய விளக்கப் பட்டியல் 1915-இல் வெளிவந்தது.

பதவியும் இழப்பும்

முதல் உலகப்போர்க் காலத்தில், பெர்லினுக்கு மாறிவந்திருந்த லோஷ்கே நோயுற்றபோது, அவர்தம் ஆய்வு வகுப்பைப் பீபரே நடத்தினார். 1915-இல் ஆசிரியர் மறைந்தார். அதன்பின் அவ்வாய்ப்பு நிலைக்கவில்லை. எனினும் மாணவர்க்குத் தம் இல்லத்திலேயே பாடஞ் சொன்னார். 1919-இல் கீசன் பல்கலைக்கழகம் அவர்க்குப் பல்கலைக்கழக ஆசிரியராகும் தகுதியை வழங்கியது. 1923-இல் அங்கே துணைப் பேராசிரியரானார். தொல்பொருள் துறையின் பொறுப்பும் பின்னர் அவரிடம் வந்தது.

1933-ஆம் ஆண்டு ஏப்பிரல் 7-ஆம் நாள் நாட்சி அரசு இயற்றிய பணியாளர் சட்டம், யூத மரபினரை அரசுப் பதவிகளினின்றும் விலக்கியது. பீபர் கிறித்தவ சமயத்தைத் தழுவியவர். ஆயினும் சட்டம் பிறப்பையே நோக்கியது. அவ்வாண்டிலேயே அவர் பதவி இழந்தார். அவ்வாண்டில் அவர்க்கு அகவை ஐம்பத்து நான்கு நிரம்பியது. தத்தெடுத்த சிறுமியுடன் இங்கிலாந்து சென்று ஆக்சுபோர்டில் தங்கினார். 1934-இல் நியூயார்க்கு நகரின் பார்னார்டு கல்லூரியை அடைந்தார். பின்னர்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக அமர்ந்து 1948 வரை பணியாற்றினார்.

ஆடை ஆராய்ச்சி

பீபரின் ஆய்வு நெறி எளியது, ஆயின் உறுதியானது. கிரேக்க ஆடை பெரும்பாலும் வெட்டித் தைக்கப்படாத செவ்வகத் துணியாகும். பெப்ளோஸ் என்பது கனத்த கம்பளித் துணி. மேல்விளிம்பை மடித்துத் தொங்கவிட்டுத் தோள்களில் ஊசியால் பிணிப்பர். ஆகலின் அதன் மடிப்புகள் சிலவாய், நேராய், ஆழமாய் விழும். கித்தோன் என்பது மெல்லிய நார்த்துணி. தோளினின்றும் கைவழியே பல இடங்களிற் பிணிக்கப்படும். ஆகலின் அதன் மடிப்புகள் பலவாய், நுண்ணியவாய்ப் பரவும். இவ்வேறுபாட்டை ஏட்டளவில் உரைத்தல் பீபர்க்கு அமையவில்லை. உயிருள்ள மாந்தர்க்கு அத்தகைய துணிகளை உடுத்து, ஒளிப்படம் எடுத்து, 1928-இல் வெளியிட்ட கிரேக்க ஆடை பற்றிய நூலில் அப்படங்களைச் சேர்த்தார். உடுத்துக் காட்ட இயலுமாயின் சிற்பி மெய்யான ஆடையைக் கண்டு செதுக்கினான். இயலாதாயின் அங்கே பிழை உளது. இதுவே அந்நெறியின் உட்கோள்.

இவ்வளவுகோல் எதற்குப் பயன்படும் என்று வினவலாம். கிரேக்கர்தம் புகழ்பெற்ற சிலைகளுட் பல இன்றில்லை. உரோமர் காலப் படிகளே எஞ்சியுள்ளன. படி எடுத்தவன் அவ்வாடையை அன்றாடம் கண்டவன் அல்லன் எனின், மடிப்பு எங்குத் தொடங்கி எங்கு முடிகின்றது என்பதில் தடுமாறுவான். அத்தடுமாற்றத்தைக் கொண்டு மூலத்தையும் படியையும் பிரித்தறியலாம் என அவர் காட்டினார். இக்கருத்தை விரித்துரைக்கும் பெருநூல் 1977-இல், அவர்தம் தொண்ணூற்று எட்டாம் வயதை ஒட்டி வெளிவந்தது.

அரங்க ஆராய்ச்சி

நாடகத் துறையிலும் அவர் இந்நெறியையே கையாண்டார். 1920-இல் செருமானிய மொழியில் பண்டை அரங்கு பற்றிய தொல்பொருட் சான்றுகளைத் தொகுத்தார். 1939-இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட கிரேக்க, உரோம அரங்க வரலாறு அத்துறையின் கைந்நூலாயிற்று. 1961-இல் விரிவாக்கப்பட்ட பதிப்பும் வந்தது.

ஓர் எடுத்துக்காட்டுக் காண்போம். துன்பியல் நடிகர் மிக உயர்ந்த அடியையுடைய காலணி அணிந்தனர் என்பது நெடுங்காலம் நிலவிய எண்ணம். இத்தாலியில் ரியேத்தி என்னுமிடத்திற் கிடைத்த தந்தப் பாவை அவ்வாறே காட்டும். ஆயின் அது உரோமப் பேரரசுக் காலத்தது. ஏறத்தாழ கி. மு. 400-இல் தீட்டப்பெற்று இன்று நேப்பிள்ஸ் நகரில் உள்ள புரோனோமோஸ் கலத்தில், நடிகர் பூவேலை செறிந்த நீண்ட அங்கியும் கையில் முகமூடியும் உடையராய் நிற்கின்றனர். உயர்ந்த அடி அங்கே காணப்படவில்லை. இரண்டையும் காலமுறையில் வைத்து நோக்கின், பிற்கால வழக்கை சோபோகிளீஸ் காலத்தின் மேல் ஏற்றுதல் பிழை என்பது தெளியப்படும். சான்றுகளைக் கால வரிசையில் நிறுத்துதலே இங்கே வழக்கைத் தீர்க்கின்றது.

இந்நெறிக்கு எல்லையும் உண்டு. கலம் தீட்டுவோன் அரங்கிற் கண்டதையும் கதையிற் கேட்டதையும் கலந்தே தீட்டுவான். அவனை ஒளிப்படக் கருவி எனக் கோடல் தகாது. 1955-இல் வெளிவந்த எலனியக் காலச் சிற்பம் பற்றிய நூலில் பீபர் கொண்ட காலவரையறைகள் சிலவற்றைப் பின்வந்தோர் ஏற்கவில்லை. இவை அவர்தம் பெருமையைக் குறைப்பன அல்ல. திருத்துதற்கு ஏற்ற வகையில் சான்றுகளை வெளிப்படையாக அடுக்கி வைத்தவர் அவரே ஆதலின், திருத்தமும் அவர் தொகுப்பின் மீதே எழுந்தது.

முடிபு

1957-இல் கீசன் பல்கலைக்கழகம் அவர்க்குச் சிறப்புறுப்பினர் மதிப்பை வழங்கியது. 1974-இல் அமெரிக்கத் தொல்பொருள் கழகம் பொற்பதக்கம் அளித்தது. 1978-ஆம் ஆண்டு பெப்ருவரித் திங்களில் அவர் மறைந்தார்.

நாடும் பதவியும் எழுதும் மொழியும் மாறியபோதும் அவர் வினா மாறவில்லை. 1907-இல் நடிகனின் உடையில் தொடங்கிய ஆராய்ச்சி 1977-இல் சிலையின் உடையில் நிறைவுற்றது. நூலைச் சான்றாகக் கொள்வார் பொருளையும் சான்றாகக் கொள்ளல் வேண்டும். பொருளைக் காண்பார் அதன் காலத்தையும், அதனைச் செய்தவன் அறிவின் எல்லையையும் ஒருங்கே காணல் வேண்டும். பீபரின் ஆராய்ச்சி நமக்குத் தெளிவுறுத்துவது இதுவேயாகும்.