பட்டையில் பூச்சு, வயிற்றில் ஊசி

மலேசியாவின் பேராக் ரப்பர் தோட்டங்களில் பிள்ளையில்லாத பெண்ணுக்கென்று தனி வைத்தியம் பெரிதாக இருந்ததில்லை. தோட்டத்து மருத்துவ உதவியாளரான டிரெஸரிடம் காய்ச்சலுக்கு மிக்சர் உண்டு, வெட்டுக்காயத்துக்குக் கட்டு உண்டு. இதற்கு அவர் என்ன கொடுப்பார்? ஈப்போ கல்லுமலை முருகனுக்கு நேர்ந்துகொள்வார்கள். பிறந்துவிட்டால் தைப்பூசத்தில் குழந்தையைக் கரும்புத் தொட்டிலில் சுமப்பார்கள். பிறக்காவிட்டால் லயத்துப் பேச்சு முழுக்க அவள் தலையில்தான். சில வீடுகளில் தங்கை பிள்ளையை எடுத்து வளர்த்தார்கள், சில வீடுகளில் இரண்டாம் கல்யாணம் நடந்தது.

ஒன்று மட்டும் அந்தக் காலத்துப் பெண்களுக்குச் சாதகம். பதினெட்டிலோ இருபதிலோ கழுத்தில் தாலி ஏறிவிடும். முட்டைக்கு வயதாகும் கவலை வர நேரமில்லை.

பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, தோட்டங்கள் துண்டாயின, குடும்பங்கள் புந்தோங்குக்கும் ஈப்போ புறநகர்களுக்கும் பெயர்ந்தன. பேத்தி படித்தாள், வேலைக்குப் போனாள், வீட்டுக்கடனும் வாங்கினாள். முப்பத்திரண்டில் கல்யாணம். முப்பத்தாறில் அவள் வீட்டுக் குளிர்பெட்டியில் ஊறுகாய்ப் போத்தல் பக்கத்தில் சோதனைக்குழாய்க் குழந்தைச் சிகிச்சைக்கான ஹார்மோன் ஊசிப்பேனா இருக்கிறது. பத்து நாள் போல, இரவு அதே நேரத்தில், தொப்புளுக்குக் கீழே தோலைக் கிள்ளிப் பிடித்துக் குத்திக்கொள்ள வேண்டும். ஸ்கேனில் நீர்ப்பைகள் போதுமான அளவு வளர்ந்ததும் கடைசி ஊசி; அதிலிருந்து ஏறக்குறைய 36 மணி நேரத்தில் முட்டைகளை உறிஞ்சி எடுப்பார்கள்.

பாட்டிக்குப் பயம்: இத்தனையும் ஒரே மாதத்தில் எடுத்தால் பிறகு என்ன மிஞ்சும்? பால்வெட்டியவரின் பயம் அது. 1960களின் கடைசியில் எத்திஃபோன் வந்தது. பட்டையில் பூசினால் பால் நெடுநேரம் ஓடும். அளவு மீறினால் வெட்டுப்பட்டை வறண்டு பால் மங்கு காலியாகக் கிடக்கும். சூலகம் அப்படியல்ல. மாதந்தோறும் ஒரு கூட்டம் முட்டைகள் வளரத் தொடங்கி, ஒன்று முதிர, மற்றவை அழிந்துபோகின்றன. அழியவிருந்தவற்றைத்தான் ஊசி காப்பாற்றுகிறது. அடுத்த மாதத்துச் சேமிப்பில் அது கைவைப்பதில்லை.

ஆனால் பூச்சு மரத்தை இளமையாக்காது. அந்த விஷயத்தில் பாட்டியின் கணக்கு இங்கேயும் செல்லும். ஊசி எண்ணிக்கையைக் கூட்டும், தரத்தைக் கூட்டாது. பெண் பிறக்கும்போதே பத்து இருபது லட்சம் முட்டைகளோடு பிறக்கிறாள். அவளுக்கு முப்பத்தாறு என்றால் அவற்றுக்கும் முப்பத்தாறு. வயது ஏற ஏறக் குரோமோசோம் பிழைகள் பெருகும். ஏஎம்எச் ரத்தப் பரிசோதனை சொல்வதும் முட்டை இருப்பைத்தான், தரத்தையல்ல. 1978இல் இங்கிலாந்தில் உலகின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை லூயிஸ் பிரவுன் பிறந்தது தூண்டல் ஊசியே இல்லாமல், இயற்கையாக முதிர்ந்த ஒரே முட்டையிலிருந்து. அதே ஆண்டு கொல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகோபாத்யாய் ஹார்மோனால் தூண்டிப் பல முட்டைகளை எடுக்கும் வழியில் போனார். பின்னால் உலகம் அந்த வழியில்தான் நடந்தது. முட்டை நிறையக் கிடைத்தால் நல்லது ஒன்றாவது அகப்படும் என்பதுதான் அதன் தர்க்கம்.

இங்கேதான் வியாபாரம் நுழைகிறது. தரம் கூட்டுவதாகச் சொல்லி வளர்ச்சி ஹார்மோன், டிஎச்இஏ, கோகியூ10 என்று பில் நீள்கிறது. ஐரோப்பிய இனப்பெருக்க மருத்துவச் சங்கத்தின் 2019 வழிகாட்டி, முட்டை குறைவாகக் கிடைக்கும் பெண்களுக்குக்கூட வளர்ச்சி ஹார்மோனைப் பரிந்துரைக்கவில்லை. மலேசியாவில் 2020 முதல் ஊழியர் சேமநிதியிலிருந்து இச்சிகிச்சைக்குப் பணம் எடுக்கலாம், வரிச்சலுகையும் உண்டு. நல்லதுதான், ஆனால் போவது ஓய்வுகாலக் காசு. கூடுதல் மருந்து ஒவ்வொன்றுக்கும் என்ன ஆதாரம் என்று டாக்டரிடம் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பில் நீளுமுன் பார்க்க வேண்டியது இன்னொன்று: குழந்தையில்லாத தம்பதிகளில் ஏறக்குறையப் பாதிப்பேரிடம் ஆண் பக்கக் காரணமும் உண்டு. விந்துப் பரிசோதனைக்கு ஊசியும் இல்லை, மயக்க மருந்தும் இல்லை, செலவும் சொற்பம். ஆனாலும் பல வீடுகளில் மனைவிக்கு ஸ்கேன் எல்லாம் முடிந்த பிறகுதான் கணவர் அதற்குக் கிளம்புகிறார்.