பட்டியல் மூன்று, வேலையும் மூன்று

பொங்கலுக்கு ஊர் செல்ல இணையத்தில் ரயில் டிக்கெட் எடுப்பவர், பக்கத்தில் உள்ள பட்டியல்களை நம்பியே பணம் கட்டுகிறார். அவற்றை அமைக்க 3 முறைகள் உண்டு.

ஆதார், வாக்காளர் அட்டை என எதைக் காட்டினாலும் போதும் என்றால் வரிசை தேவையில்லை. புள்ளிப் பட்டியல் போதும். பதிவு செய்யும் படிகள் முன்பின் மாறக் கூடாது. அதற்கு எண் பட்டியல். நடுவே ஒரு படியைச் சேர்த்தால் எண்கள் தாமே திருந்திக்கொள்ளும். 'ஆர்.ஏ.சி.' என்றால் உட்கார இடம் உண்டு, 'டபிள்யூ.எல்.' என்றால் காத்திருப்பு. இப்படிச் சொல்லும் பொருளுமாகத் தருவது விளக்கப் பட்டியல். 1995-இல் வந்த எச்.டி.எம்.எல். 2.0 விதிகளிலேயே மூன்றும் உள்ளன.

எண்ணைக் கையால் தட்டி வைத்தாலும் கண்ணுக்குப் பட்டியல்தான். ஆனால் பார்வையற்றோருக்குப் படித்துச் சொல்லும் மென்பொருள் அதைப் பட்டியலாக அறியாது. முறைப்படி அமைத்தால், எத்தனை படிகள் என்பதை முதலிலேயே சொல்லிவிடும். அவரும் பிறர் துணையின்றி டிக்கெட் எடுக்கலாம்.