நீலகிரித் தேயிலையும் விளைந்த மண்ணின் பெயரும்

வளரும் நாட்டு நிறுவனம் ஒன்று வெளிச்சந்தையில் இறங்கும்போது, சரக்கு விளைந்த நாட்டைச் சொல்வதா, அடக்கி வாசிப்பதா என்ற கேள்வி எழுகிறது. ஏழை நாட்டுப் பொருளின் தரத்தில் பணக்கார நாட்டு வாடிக்கையாளருக்குச் சந்தேகம் உண்டு. அதனால் பலர் நாட்டின் பெயரைப் பின்னுக்குத் தள்ளுகிறார்கள். சிலர் வெளிநாட்டுப் பெயரையே வாங்கிவிடுகிறார்கள். டாடா டீ 2000-ல் பிரிட்டனின் டெட்லியை 27.1 கோடி பவுண்டுக்கு வாங்கியது. இன்றும் அங்கே அந்தத் தேயிலை டெட்லி என்றுதான் விற்கிறது.

தேயிலைக்கு இந்தத் தயக்கம் வேண்டியதில்லை. இலங்கை அதை நன்றாகப் புரிந்துகொண்டது. 1972-ல் நாட்டின் பெயர் மாறியும் தேயிலை ‘சிலோன் டீ’யாகவே நீடித்தது. முழுக்க அங்கேயே விளைந்து, அங்கேயே பொட்டலமிட்ட தேயிலைக்குத்தான் சிங்க முத்திரை. கலப்பில்லாத சிலோன் தேயிலை என்று சொல்லியே டில்மா நிறுவனம் உலகச் சந்தையில் வளர்ந்தது. இந்தியாவில் டார்ஜிலிங் 2004-ல் நாட்டின் முதல் புவிசார் குறியீட்டைப் பெற்றது.

நீலகிரிக்கு அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. இரு பருவமழையும் கிடைப்பதால் இங்கே ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்கலாம். கலவை நிறுவனங்களுக்கு இது பெரிய வசதி. குன்னூர் ஏலத்துக்கு வரும் ஒவ்வொரு சரக்குக்கும் தோட்டத்தின் பெயரோ தொழிற்சாலையின் பெயரோ உண்டு. சுவைஞர் ஒவ்வொரு மாதிரியையும் வாயில் உறிஞ்சி, நிறமும் மணமும் பார்த்து மதிப்பிடுகிறார். வாங்கியவர் அதை வேறு ஊர்த் தேயிலையோடு கலந்த கையோடு அந்தப் பெயர் காணாமல் போகிறது. டிசம்பர், ஜனவரி குளிரில் மெல்ல வளர்ந்த கொழுந்தின் மணத்தைக்கூட அப்படிக் கலவையில் கரைத்துவிடுவது பெரும் இழப்பு.

பெயரில்லாத சரக்கு ஒரே வாங்குபவரை நம்பியிருந்தால் ஆபத்து இன்னும் கூடும். சோவியத் ஒன்றியம் தென்னிந்தியத் தேயிலையைப் பெருமளவில் வாங்கிவந்தது. 1991-ல் அது சிதறியதும் அந்தச் சந்தை ஆட்டம் கண்டது. கோரகுந்தா, சாம்ராஜ் போன்ற நீலகிரி எஸ்டேட்டுகள் தங்கள் பெயரிலேயே வெளிநாட்டு வாடிக்கையாளர்களைத் தேடிக்கொண்டன. சிறு விவசாயிக்கு அந்த வழி இல்லை.

2008-ல் நீலகிரிக்கும் புவிசார் குறியீடு வந்தது. ஆனால் இலையை உருட்டித் தயாரிக்கும் ஆர்த்தடாக்ஸ் தேயிலைக்கு மட்டுமே அது பொருந்தும். சிறு விவசாயிகளின் பச்சைத் தேயிலையில் பெரும்பகுதி, இலையை நறுக்கிக் குருணையாக்கும் சி.டி.சி. தொழிற்சாலைகளுக்கே போகிறது. நீலகிரி என்ற பெயர் வெளிநாட்டில் எவ்வளவு விலை பெற்றாலும், இப்போதைய ஏற்பாட்டில் அதில் அவர்களுக்குப் பங்கு வருவது கடினம்.