அகராதிகளின் கதை – 11: இல்லாத சொல்லும் ஆகாத சொல்லும்

ஆங்கிலத்தை ஓரிடத்தில் நிறுத்திவிடலாம் என்ற எண்ணத்தோடு அகராதி வேலையைத் தொடங்கிய சாமுவேல் ஜான்சன், 1755-இல் முன்னுரை எழுதும்போது அந்த எண்ணத்தைக் கைவிட்டிருந்தார் என்று சென்ற வாரம் பார்த்தோம். ஜான்சனின் அகராதியை ஆழ்ந்து ஆராய்ந்த அமெரிக்கர் ஒருவர், இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகு, மொழியை நிறுத்தும் எண்ணமே இல்லாமல் ஓர் அகராதியை உருவாக்கினார். அவர் பெயர் பிலிப் கோவ். 1961 செப்டம்பரில் வெளிவந்த அவருடைய வெப்ஸ்டர் மூன்றாம் சர்வதேச அகராதி வாங்கிய வசவை அதற்கு முன் எந்த அகராதியும் வாங்கியதில்லை.

அந்த வசவு நியாயம்தானா என்று பார்க்க, முந்தைய பதிப்பிலிருந்து தொடங்க வேண்டும். 1934-இல் வந்த இரண்டாம் பதிப்பில் ஆறு லட்சம் பதிவுகள். மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் மெரியம் நிறுவனம் வெளியிட்டது. ஒரு சொல் சரியா தவறா என்ற கேள்வி எழுந்தால் அமெரிக்கர்கள் அதைத்தான் புரட்டுவார்கள். அதில் 'டோர்ட்' என்றொரு சொல் இருந்தது. இயற்பியல், வேதியியல் சொல், பொருள் 'அடர்த்தி' என்று போட்டிருந்தது. எப்படி உச்சரிப்பது என்றுகூடக் குறிப்பு இருந்தது. அப்படி ஒரு சொல்லை ஆங்கிலத்தில் ஒருவரும் சொன்னதில்லை, எழுதியதும் இல்லை.

நடந்தது இதுதான். அடர்த்திக்குப் பெரிய எழுத்து 'டி'யையோ சிறிய எழுத்து 'டி'யையோ சுருக்கக்குறியாகப் போடலாம் என்று வேதியியல் பகுதியின் ஆசிரியர் ஆஸ்டின் பேட்டர்சன் 1931 ஜூலையில் ஒரு சீட்டு எழுதி அனுப்பினார். 'டி அல்லது டி' என்பதை ஆங்கிலத்தில் எழுதினால், நடுவில் 'அல்லது' என்பதற்கான ஓ, ஆர் இரண்டும் வரும். அந்த அலுவலகத்தில் தலைச்சொற்களை எழுத்துக்கு எழுத்து இடைவெளி விட்டுத் தட்டச்சு செய்வது வழக்கம். சுருக்கக்குறிகளின் பெட்டிக்குப் போக வேண்டிய சீட்டு சொற்களின் பெட்டிக்குப் போயிற்று. அங்கே பார்த்தவர் கண்ணுக்கு டி, ஓ, ஆர், டி என்ற நான்கும் ஒரே சொல்லாகத் தெரிந்தன. 1939 பிப்ரவரியில், இந்தச் சொல்லுக்கு மட்டும் வேர் காட்டப்படவில்லையே என்று ஓர் உதவியாசிரியர் சந்தேகப்பட்டுத் தேடியபோதுதான் விஷயம் வெளிப்பட்டது. இந்தக் கதையை 1954-இல் ஓர் ஆய்விதழில் விரிவாக எழுதியவரே கோவ்தான்.

அந்தச் சீட்டில் இல்லாமல் போனது ஒன்றே ஒன்று: யாராவது அந்தச் சொல்லைப் பயன்படுத்தினார்கள் என்பதற்கான சான்று. கோவின் அகராதி முழுக்க முழுக்கச் சான்றின் மேல் எழுந்தது. மெரியம் அலுவலகத்தில் ஒவ்வொரு ஆசிரியரும் அன்றாடம் ஒரு பகுதி நேரத்தைப் படிப்பதற்கே ஒதுக்க வேண்டியிருந்தது. நாளிதழ், நாவல், அறிவியல் ஏடு, விற்பனைப் பட்டியல் என்று கையில் கிடைத்ததையெல்லாம் படிப்பார்கள். ஒரு சொல் புதிதாக இருந்தாலோ, பழைய சொல் புதுப் பொருளில் வந்திருந்தாலோ அடிக்கோடிட்டு, அதைச் சுற்றியுள்ள வாக்கியத்தையும் குறித்துக் கொடுப்பார்கள். தட்டச்சர்கள் அதை உள்ளங்கை அளவுச் சீட்டில் ஏற்றி, நாளும் இடமும் சேர்த்து, அகரவரிசையில் அடுக்குவார்கள். மூன்றாம் பதிப்பு வருவதற்குள் அப்படிச் சேர்ந்த மேற்கோள்கள் அறுபது லட்சத்துக்கு மேல்.

ஒரு சொல்லுக்குப் பொருள் எழுதும் முறையும் இந்தச் சீட்டுகளிலிருந்தே வந்தது. அந்தச் சொல்லுக்குரிய சீட்டுகளையெல்லாம் மேசைமேல் பரப்பி, ஒத்த பொருளில் வந்தவற்றை ஒரு குவியலாக்க வேண்டும். எந்தக் குவியலிலும் சேராத சீட்டைத் தனியே வைக்க வேண்டும். அது வளர்ந்து நாளை தனிக் குவியல் ஆகலாம், ஒருவர் எழுதிய பிழையாகவே நின்றும் போகலாம். பல இடங்களில், பல பேர் கையில், பல ஆண்டுகள் ஒரே பொருளில் வந்தால்தான் அகராதியில் இடம். மாற்றம் என்று நாம் பொத்தாம்பொதுவாகச் சொல்வது அந்த மேசைமேல் கண்ணுக்குத் தெரியும். இன்று 'இனிய' என்ற பொருளில் சொல்லும் 'நைஸ்', ஆங்கிலத்துக்குள் வந்தபோது 'மடத்தனமான' என்று பொருள்பட்டது. பிறகு 'நுணுக்கமான' என்றாகி, பதினெட்டாம் நூற்றாண்டில் இன்றைய பொருளுக்கு வந்து சேர்ந்தது. யாரும் ஆணை போட்டு இதை மாற்றவில்லை.

ஊரைக் கிளப்பியது 'எய்ன்ட்' என்ற சொல். 'இல்லை' என்று மறுக்கும் ஆங்கிலத் தொடர்கள் பேச்சில் சுருங்கி உருவான வடிவம். இதன் முன்வடிவம் பதினேழாம் நூற்றாண்டின் இறுதி நாடகங்களிலேயே கிடைக்கிறது. இங்கிலாந்தின் மேட்டுக்குடியினர் கூச்சமில்லாமல் சொல்லிவந்ததுதான். பிறகு இலக்கண ஆசிரியர்கள் அதைப் பிடித்துக்கொண்டு, படியாதவன் பேச்சு என்று முத்திரை குத்தினார்கள். 1934 பதிப்பிலும் அது இருந்தது, கல்லாதோர் வழக்கு என்ற குறிப்போடு. கோவின் பதிப்போ, பலர் இதை ஏற்பதில்லை, கல்வி குறைந்தோர் பேச்சில் மிகுதி, ஆனாலும் பண்பட்ட பலர் வாயிலும் வருகிறது என்று எழுதியது. மூன்றும் உண்மை. நிறுவனத்தின் விளம்பரப் பிரிவோ முதலிரண்டை விட்டுவிட்டு மூன்றாவதை மட்டும் செய்தித்தாள்களுக்கு அனுப்பியது. அகராதியைத் திறந்தே பார்க்காத பல ஏடுகள் 'எய்ன்ட்' இனிச் சரியான ஆங்கிலம் என்று எழுதின.

நியூயார்க் டைம்ஸ் தலையங்கம் தீட்டியது. தன் அலுவலகத்தில் பழைய பதிப்பையே தொடர்வது என்றும் முடிவு செய்தது. அட்லாண்டிக் இதழில் வில்சன் ஃபோலெட் நாசவேலை என்றே தலைப்பிட்டுத் தாக்கினார். ரெக்ஸ் ஸ்டௌட்டின் 1962 துப்பறியும் நாவலில், துப்பறிவாளர் நீரோ உல்ஃப் இந்த அகராதியின் தாள்களைக் கிழித்துக் கணப்படுப்பில் போடுகிறார். இத்தனைக்கும், அந்தத் தலையங்கம் வந்த அதே நாள் டைம்ஸ் இதழில், பழைய பதிப்பில் இல்லாமல் புதிய பதிப்பில் மட்டும் உள்ள சொற்களும் தொடர்களும் நூற்றுக்கு மேல் இருந்தன என்று பெர்கன் எவன்ஸ் எடுத்துக் காட்டினார்.

நான் கோவின் பக்கம். எழுதப்பட்டதையும் பேசப்பட்டதையும் உள்ளபடி பதிவதுதான் அகராதியின் கடமை. யாரும் சொல்லாத 'டோர்ட்' ஐந்தாண்டு அகராதிக்குள் நிம்மதியாக இருந்தது. கோடிக்கணக்கானோர் சொல்லும் 'எய்ன்ட்' இருக்கவே கூடாது என்றார்கள். எது மொழிக்குச் செய்யும் துரோகம்? ஆனால் ஓரிடத்தில் கோவின் எதிர்ப்பாளர்கள் சொன்னதில் பொருள் உண்டு. 'பேச்சுவழக்கு' என்ற குறிப்பை அவர் அடியோடு நீக்கிவிட்டார். வீட்டிலும் தெருவிலும் ஆங்கிலம் கேட்டு வளர்ந்தவருக்கு அந்தக் குறிப்பு வேண்டாம். எந்தச் சொல்லை விண்ணப்பத்தில் எழுதலாம், எதை நண்பரிடம் மட்டும் சொல்லலாம் என்பது அவருக்குத் தானாகத் தெரியும். பள்ளிக்கூடத்தில் ஏட்டைப் பார்த்து ஆங்கிலம் கற்ற நம்மைப் போன்றவர்களுக்கு அது தெரியாது. சொல்லின் மதிப்பு என்னவென்று மக்கள் நினைக்கிறார்கள் என்பதும் ஒரு சான்றுதான். அதையும் பதிந்திருக்க வேண்டும்.

கோபம் தணியாத அமெரிக்கன் ஹெரிடேஜ் பதிப்பகத்தார் மெரியம் நிறுவனத்தையே விலைக்கு வாங்க முயன்றார்கள். அது கைகூடாமல் போகவே, 1969-இல் சொந்தமாக ஓர் அகராதி கொண்டுவந்தார்கள். எழுத்தாளர்களும் பத்திரிகையாளர்களுமாக ஏறக்குறைய நூறு பேர் கொண்ட குழு வைத்து, சிக்கலான வழக்குகளைப் பற்றி வாக்குக் கேட்டு அச்சிட்டார்கள். அந்தப் போட்டி அகராதியும் சான்று இல்லாமல் எழுதப்படவில்லை. பிரவுன் பல்கலைக்கழகத்தில் ஹென்றி குச்செராவும் நெல்சன் பிரான்சிஸும் கணினியில் ஏற்றிவைத்திருந்த பத்து லட்சம் சொற்களின் தொகுப்பை அது பயன்படுத்திக்கொண்டது. ஐந்நூறு நூல்களிலும் ஏடுகளிலுமிருந்து இரண்டாயிரம் இரண்டாயிரம் சொல்லாக எடுத்த தொகுப்பு அது. அத்தனையும் அமெரிக்காவில் 1961-இல் அச்சானவை. கோவின் அகராதி வந்த அதே ஆண்டு. சீட்டுப் பெட்டிகளின் இடத்தைக் கணினி பிடித்த அந்தக் கதை அடுத்த வாரம்.

(தொடரும்)